ஈயக் கண்ணாடி: பல் கிளினிக்கில் யாருக்குத் தேவை?

பல் கிளினிக்குக்குப் பாதுகாப்புக் கண்ணாடி என்று கேட்டால் மூன்று வகை கிடைக்கும். எக்ஸ்ரேக்கு ஈயக் கண்ணாடி, ஃபில்லிங்கை இறுகச் செய்யும் நீல விளக்குக்கு ஆரஞ்சுக் கண்ணாடி, லேசருக்குத் தனிக் கண்ணாடி. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. ஆரஞ்சுக் கண்ணாடி எக்ஸ்ரேயைத் தடுக்காது. ஈயக் கண்ணாடி நீல ஒளியை உள்ளே விட்டுவிடும். லேசர் கண்ணாடியிலோ, உங்கள் கருவியின் அலைநீளம் அதன் சட்டத்தில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். 810 நானோமீட்டருக்கென்று செய்ததை 2940க்குப் போடக் கூடாது.

நான் போட்டுப் பார்த்தவை ஈயக் கண்ணாடிகள். விழிலென்சு கதிருக்கு எளிதில் பாதிப்படையும் உறுப்பு, கண்புரை வரும். அதனால்தான் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2011இல், ஊழியரின் விழிலென்சு தாங்கலாம் என்று வைத்திருந்த ஆண்டு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து, ஐந்தாண்டுச் சராசரியாக 20க்கு இறக்கியது.

கடையில் எல்லோரும் பார்ப்பது ஈயத்தின் அளவை: 0.5 மி.மீ., 0.75 மி.மீ. பல் எக்ஸ்ரே பெரும்பாலும் 60, 70 கிலோவோல்ட்டில் எடுப்பது. அந்த ஆற்றலில் இரண்டுமே கதிரின் பெரும்பகுதியை நிறுத்திவிடும். மூக்கில் உணரும் எடையில்தான் வித்தியாசம். கனமானது குனிந்த மாத்திரத்தில் வழுக்கி இறங்குகிறது. பின்பட்டை இல்லாத கண்ணாடியை நான் வாங்க மாட்டேன்.

அதைவிட முக்கியம் இடைவெளி. சிதறல் கதிர் கிளம்புவது நோயாளியின் தலையிலிருந்து. நம் கண்ணுக்கு அது பக்கவாட்டிலும் கீழிருந்தும் வரும். தட்டையான சட்டமுள்ள கண்ணாடியில் கன்னத்துக்கும் விளிம்புக்கும் நடுவே விரல் நுழைகிறது. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடியின் முன்புறத்தைக் கறுப்புத் தாளால் மூடிப் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளியின் வாய் இருக்கும் இடத்திலிருந்து ஒருவர் டார்ச் அடிக்கட்டும். வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டால், அதே வழியில் கதிரும் வரும். முகத்தை வளைத்து மூடும், பக்கத்திலும் ஈயம் வைத்த வடிவமே இதில் தேறியது. பவர் கண்ணாடிக்கு மேல் போடுவது விளிம்பில் தூக்கிக்கொண்டே நிற்கிறது. பவரை ஈயக் கண்ணாடியிலேயே போட்டு வாங்குவது நல்லது.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று: ஈயக் கண்ணாடி மென்மையானது, சுலபமாகக் கீறல் விழும். மென்துணி போதும். ஆட்டோக்ளேவில் வைக்காதீர்கள்.

இனி, யார் வாங்க வேண்டும்? சுவருக்குப் பின்னாலோ, இரண்டு மீட்டர் தள்ளியோ நின்று பொத்தானை அழுத்துபவருக்கு இது தேவையில்லை. ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்ந்தாலே கதிர் கால்பங்காகிவிடும்; எந்தச் செலவும் இல்லை. கையில் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரே கருவியில், குழாயின் நுனியிலுள்ள வட்டத் தடுப்புதான் முதல் பாதுகாப்பு. அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியை நம்பக் கூடாது. தடுப்பு இருந்தும் கருவியைச் சாய்த்துப் பிடிக்க நேர்பவர்கள், தள்ளி நிற்க இடமே இல்லாதவர்கள் ஈயக் கண்ணாடி வாங்கலாம்.

கிளினிக் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்ள உதவியாளரை நிறுத்தாதீர்கள். ஈய ஏப்ரன் போட்டுப் பெற்றோரில் ஒருவர் பிடிக்கட்டும். ஒவ்வொரு நாளும் அந்த அறையில் நிற்கும் பெண்ணின் கண்ணுக்கு, நீங்கள் வாங்கித் தரும் எந்தக் கண்ணாடியையும்விட அது அதிகம் உதவும்.