சோர்வுக்கு மீட்டர்

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் கார் கம்பெனிகளை எண்ணுகிறவர்கள், நடுநடுவே வரும் இன்ஜினீயரிங் காலேஜ்களை எண்ணுவதில்லை. 2020 மார்ச்சில் இரண்டுக்கும் பூட்டு. மே மாதமே கம்பெனிகள் திறக்க ஆரம்பித்துவிட்டன. வாத்தியார்களோ செல்போனைப் புத்தகத்தில் சாய்த்துவைத்து, முகம் காட்டாத அறுபது வட்டங்களுக்குத் தெர்மோடைனமிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஆராய்ச்சிகள் வந்தன. பேராசிரியர்களின் 'பர்ன் அவுட்'டை அளக்கிறார்களாம். பலவற்றில் தராசு ஒன்றுதான். 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் வெளியிட்ட 22 கேள்விகள். மனசு வறண்டுபோவது, எதிரே இருப்பவரை ஜடமாகப் பார்ப்பது, 'உருப்படியா ஏதோ செஞ்சோம்' என்கிற திருப்தி என மூன்று கணக்கு. ஒருபோதும் இல்லையென்றால் 0, தினமும் என்றால் 6.

சைக்காலஜியில் குறை சொல்ல நான் ஆளில்லை. ஆனால் பி.காம். படித்த கண்ணுக்கு ஒன்று உறுத்துகிறது. 22 கேள்வியில் சம்பளம் பற்றி ஒன்றுகூடக் கிடையாது!

2020 ஏப்ரலில் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு சர்க்குலர் போட்டது: ஊரடங்குக் காலச் சம்பளத்தை ஆசிரியர்களுக்குக் கொடுங்கள் என்று. போட வேண்டியிருந்தது என்பதிலேயே சங்கதி இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ சுயநிதிக் கல்லூரிகளில் பாதிச் சம்பளம். சிலதில் அதுவும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இதன் பெயர் 'கொடுபட வேண்டிய சம்பளம்'. நிர்வாகத்தின் கடன். அதையே கேள்வித்தாளில் போட்டு எடுத்தால் வாத்தியாரின் மனச்சோர்வாக வெளியே வருகிறது. பற்று, வரவு இரண்டும் இடம் மாறியாச்சு! கடன் என்றால் பணம் தர வேண்டும். சோர்வு என்றால் ஒரு யோகா வகுப்போடு போயிற்று.

இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொன்னது, பர்ன் அவுட் வியாதி அல்ல, வேலையிடத்து நெருக்கடியைச் சரிவரக் கையாளாததன் விளைவு என்று. 'இத்தனை மார்க்கைத் தாண்டினால் பர்ன் அவுட்' என்ற கோட்டை மாஸ்லாக் தரப்பே பிற்பாடு கைவிட்டுவிட்டது. அப்படியும் 'இத்தனை சதவிகிதம் பேர்' என்று எழுதுகிறார்கள். யாரைக் கேட்டு? கூகுள் ஃபார்மை ஹெச்.ஓ.டி.யே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் எந்த வாத்தியார் 6 போடுவார்? வேலை போனவர் அந்த குரூப்பிலேயே இருக்க மாட்டார்.

2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் யாரும் 0 முதல் 6 வரை கேட்கவில்லை. ஆலையை மூடிவிட்டு விடுதியைச் சரிபண்ண வேண்டியதாயிற்று.

பேராசிரியர் நடுரோட்டில் உட்கார மாட்டார், கௌரவம். அதனால் அடுத்து அளக்க வருகிறவர்கள் 23-வது கேள்வியாக இதைச் சேர்க்கலாம்: 2020 ஏப்ரல் சம்பளம் எந்தத் தேதியில், எவ்வளவு வந்தது? வேலையை விட்டுப் போனவர்களின் போன் நம்பரும் காலேஜ் ஆபீஸில் இருக்கும். அவர்களையும் கேளுங்கள்.