எல்லோருக்கும் திறந்த காட்டு வரைபடம்

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டின் வித்தியாசத்தைச் செயற்கைக்கோள் கட்டம் கட்டமாக அளந்து தருவதே இன்றைய காட்டு வரைபடத்தின் அடிப்படை. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். இஸ்ரோவின் புவன் என்ற இணைய வரைபடத் தளம் 2009இல் வந்தது. ஐரோப்பாவின் சென்டினல்-2, 10 மீட்டர் நுணுக்கத்தில் ஏறத்தாழ ஐந்து நாளுக்கொரு முறை படம் தருகிறது. ஒரு காலத்தில் அலுவலக அலமாரிக்குள் பூட்டிக்கிடந்த தகவல் இப்படிப் பொதுச் சொத்தானது பெரிய கொடை.

திருவெண்ணெய்நல்லூர்ப் பகுதியின் படத்தில் தென்பெண்ணையின் மணல் வெளுத்துத் தெரியும். மேற்கே கல்வராயன் மலை அடர்ந்து தெரியும். இடையிலுள்ள சவுக்குத் தோப்புதான் கவனிக்க வேண்டியது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதம் இருந்தாலே, நிலம் யாருடையதானாலும், அதை வனப்பரப்பாகக் கணக்கிடுகிறது டேராடூனின் இந்திய வன அளவை நிறுவனம். சில ஆண்டுகளில் தோப்பு வெட்டுப்பட்டதும் அந்தக் கட்டங்கள் வெறும் தரையாகிவிடும். ஆகவே பச்சையை மட்டும் நம்பாமல், காப்புக்காட்டு எல்லையையும் பல ஆண்டுப் படங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கோடையில் இதே நிறுவனம், செயற்கைக்கோள் உணரும் வெப்பப் புள்ளிகளைக் கொண்டு, பதிவு செய்தவர்களின் கைப்பேசிக்குக் காட்டுத்தீ எச்சரிக்கை அனுப்புகிறது.