ஒரு குரல், இரு பாடல்கள்: ஹரிஹரனும் மொழிபெயர்ப்பும்

பின்னணிப் பாடகர் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் குரல்வளத்தோடும் இசைப்பயிற்சியோடும் நின்றுவிடுகின்றன. உச்சரிப்பைக் கருதுவோரும் ழகரம் செம்மையாக ஒலிக்கிறதா என்பதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இவ்வளவுகோல் போதாது என்பதற்கு ஹரிஹரனின் இசைப்பணி தக்க சான்றாகும்.

1955இல் பிறந்த இவர், கருநாடக இசைக்கலைஞரான அலமேலு மணியின் மகன். மும்பையில் வளர்ந்து மாதுங்காவில் பள்ளிக்கல்வி பெற்றவர். குலாம் முஸ்தபா கானிடம் இந்துஸ்தானி இசை பயின்று, ஜெய்தேவ் இசையமைத்த ‘கமன்’ (1978) என்னும் இந்திப் படத்தில் பாடினார். உருதுக் கஜல்களிலும் புகழ் பெற்றார். உருதுவில் வல்லொலிகளின் அதிர்வும் மூச்சும் பொருள் வேறுபாட்டைத் தருவன. தமிழிலோ அதிர்வைப் பெரிதும் இடமே வரையறுக்கிறது: ‘பாக்கு’ என்பதில் ககரம் அதிர்வற்றது, ‘பாங்கு’ என்பதில் அதிர்வுடையது. இவ்விரு ஒழுங்குகளையும் ஒரே பாடகர் கையாள வேண்டியிருந்தது.

‘ரோஜா’ (1992) படத்தின் ‘தமிழா தமிழா’ இவருடைய தமிழ்த் திரையிசை நுழைவாகும். தலைப்பிலேயே ழகரம் இருமுறை வருகிறது. ஆயின் தமிழகப் பேச்சு வழக்குகள் பலவற்றில் ழகரம் ளகரத்தோடு ஒன்றிவிட்டது. எனவே பாடகரிடம் கேட்போர் எதிர்பார்ப்பது தம் பேச்சொலியை அன்று; எழுத்து வழக்கின் ஒலியையே எனலாம்.

இப்படத்தின் இந்தி வடிவத்திலும் அதே மெட்டை ஹரிஹரனே பாடினார். தமிழ்ப்பாடல் வைரமுத்துவினுடையது, இந்திப்பாடல் பி. கே. மிஸ்ராவினுடையது. தமிழில் விளிச்சொல் நின்ற இடத்தில் இந்தியில் ‘பாரத்’ என்னும் நாட்டுப்பெயர் நிற்கிறது. ‘தமிழா’ நிரைநேர், நெட்டுயிரில் முடிவது. ‘பாரத்’ நேர்நேர், மெய்யில் முடிவது. ஒலியமைப்பினும் பெரிய மாற்றம் பொருளில் நிகழ்கிறது. தமிழ்ப்பாடல் ஓர் இனத்தாரை முன்னிலைப்படுத்தி நாட்டோடு இணையுமாறு அழைக்கிறது. இந்தியில் அம்முன்னிலை மறைந்து, நாட்டுப்பற்று தன்மைக் கூற்றாகிறது. வட்டார அடையாளத்திற்கும் நாட்டு அடையாளத்திற்கும் இடையிலுள்ள உறவு தமிழில் பேசப்படுகிறது. இந்தியில் அவ்வுறவு தமிழரை விளித்துப் பேசப்படுவதில்லை.

குரலும் மெட்டும் ஒன்றாயிருத்தலால் இவற்றை ஒரே பாடலின் இரு வடிவங்களாகக் கேட்கிறோம். பாடகரின் திறமே மொழிபெயர்ப்பில் நேர்ந்த இழப்பை மறைத்துவிடுகிறது. மொழிமாற்றுப் பாடல்களை ஆராய்வோர் பாடகரின் ஒலிப்பை மட்டுமன்றி, அக்குரல் யாரை விளிக்கிறது என்பதையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.