சிமிழுக்குள் உயிர்

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெருக்கோடியில் 1568இல் எழுந்த பரதேசி யூத ஜெபாலயம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த யூதர்கள் 1948க்குப் பின் பெரும்பாலும் இஸ்ரேல் போய்விட்டார்கள். தெரு இன்று மிளகு, ஏலக்காய், பழம்பொருள் கடைகளின் கையில். யூத ஆண்கள் காலைத் தொழுகையில் கையிலும் நெற்றியிலும் கட்டும் சிறு தோல்பெட்டிக்குத் தெஃபிலின் என்று பெயர். உள்ளே யூத மறையான தோராவின் வாசகம் எழுதிய சுருள். ஆங்கிலத்தில் அது ஃபிலாக்டரி.

அதே சொல்லைத்தான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு, லிச் என்னும் சாகாத கொடிய மந்திரவாதி தன் உயிரை ஒளித்துவைக்கும் பெட்டிக்கு நெடுங்காலம் சூட்டியிருந்தது. 2025 பிப்ரவரியில் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலில் அது 'ஸ்பிரிட் ஜார்' ஆகிவிட்டது. ஒரு சமூகத்தின் தொழுகைப் பொருள் தீமையின் அடையாளமாக இருப்பது ஓய்ந்தது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசுவார்கள், இருபது முகப் பகடை விளைவைச் சொல்லும். ஐம்பதாம் ஆண்டையொட்டி விதிநூல்கள் மூன்றும் திருத்தி எழுதப்பட்டன. ஆயுதத்துக்கு ஆயுதம் தனித் தேர்ச்சி வந்தது சண்டைப் பிரியர்களுக்கு விருந்து. என் மனம் நிற்பது வேறிடத்தில். 2014 விதிகளில் பாத்திரத்தின் பலமும் அறிவும் அது பிறந்த இனத்தால் கூடின. 2024இல் அந்தக் கூடுதல், உழவர், வணிகர், மாலுமி, எழுத்தர் எனப் பதினாறு வாழ்க்கைப் பின்னணிகளுக்கு மாறியது. பிறப்பால் தகுதி என்ற நினைப்பு என்ன செய்யும் என்று அறிந்த நமக்கு இது சின்னத் திருத்தமல்ல.

சொற்களின் கணக்கு இன்னும் தீரவில்லை. தொடக்கப் பதிப்பில் இருந்த ஹாபிட் என்ற குள்ளர் இனம், டோல்கீன் படைப்புகளின் உரிமையாளர் தரப்பு எதிர்த்ததும் 1970களிலேயே ஹாஃப்லிங் ஆனது. கேட்க ஆளுள்ள சொல்லுக்கு உடனே நீதி. யூதக் கதையின் களிமண் மனிதனான கோலெமும் நம் ராட்சசனும் இன்றும் அசுரப் பட்டியலில் நிற்கிறார்கள். 1975இல் நுழைந்த ராட்சசன் அங்கே புலித்தலையன், உள்ளங்கை பின்னோக்கித் திரும்பியவன். வீணையும் சிவபக்தியும் கொண்ட நம் இராவணனின் சாயலே அவனிடம் இல்லை. இதே ஆட்டத்தின் 1980 தெய்வங்கள் நூல் இந்திரனுக்கும் காளிக்கும்கூட, அடிபட்டால் குறையும் உயிர்ப்புள்ளிகள் போட்டது. மாற்றுவழி காட்டியவர் வங்க எழுத்தாளர் மிமி மண்டல். 2022இல் வந்த ஆட்டக்கதைத் தொகுப்பொன்றில், வங்கத்தின் மண்வாசனையோடு சங்கபூமி என்ற நாட்டைப் படைத்தார். கதைக்குரியவர்களே எழுதும்போது தவறு குறைகிறது.

நமக்கும் வழி திறந்திருக்கிறது. 2023 ஜனவரியில், பிறர் இந்த விதிகளைப் பயன்படுத்தும் உரிமத்தை இறுக்க, ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் முயன்றது. ஆட்டக்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள். மாத முடிவுக்குள் அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தன. 2025 ஏப்ரலில் புதிய விதிகளும் சேர்ந்தன. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் மொழிபெயர்க்கலாம், விற்கலாம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் அதிகாரபூர்வமாகவே கிடைக்கிறது.

தமிழில் செய்வோருக்குச் சொற்பஞ்சம் இல்லை. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த அரக்கனின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். லிச்சின் பெட்டியை 'உயிர்ச்சிமிழ்' என்றால் பாட்டியும் புரிந்துகொள்வாள், எவர் வழிபாடும் புண்படாது.

ஜூ டவுன் ஜெபாலயத்தில் செப்பேடுகள் உண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் அளித்த சாசனம், நம் வட்டெழுத்தில். கடல் கடந்து வந்தவர்களின் உரிமையை எழுதிய எழுத்து அது. கடல் கடந்து வந்த ஆட்டத்தின் விதிகளையும் தமிழில் எழுதுவோம். எடுக்கும் ஒவ்வொரு சொல்லும் யாருடையது என்று கேட்டு எழுதுவோம்.