குழலுக்குள் கசியும் உப்பு

சுட்டு முடித்த ரைபிளின் குழலை எப்போது துடைப்பது? பட்டாளத்துக்காரர் ‘அன்றைக்கே’ என்பார். போட்டிக்காரர் ‘குறி சிதறத் தொடங்கும்போது’ என்பார். இரண்டு பேரும் சொல்வது சரிதான். இருவர் குழலுக்குள்ளும் மிஞ்சுவது ஒன்றல்ல.

பட்டாள மரபுக்கு ஜொகூரில் ஆழமான வேர் உண்டு. சுல்தான் அபு பக்கர் 1886இல் தொடங்கிய ஜொகூர் இராணுவப் படை இன்றும் இருக்கிறது. மலேசியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் சொந்தப் படை கிடையாது. 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிறந்ததும், பிரிட்டிஷார் காட்டுப்போர்ப் பயிற்சிப் பள்ளியைத் திறந்ததும் ஜொகூரில்தான். அக்காலத்துச் சிப்பாயின் தோளில் தொங்கியது .303 லீ என்ஃபீல்டு.

அதன் தோட்டாவின் பின்புறத்தில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொட்டில் இருந்தது பொட்டாசியம் குளோரேட். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். நம் சமையல் உப்பின் பங்காளி. மார்கழி அடைமழையில் அடுப்படி உப்பு ஜாடி கசியுமே, குழலுக்குள்ளும் அதே கதை. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கூட்டிவரும். இதற்கு எண்ணெய் மருந்தல்ல. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து இரும்பைத் தின்னும். அதனால்தான் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினார்கள். உப்பும் கரையும், சூட்டில் குழலும் தானே உலரும். பிறகு ‘புல் த்ரூ’: பித்தளை எடை கட்டிய கயிற்றில் நான்குக்கு இரண்டு அங்குல ஃபிளானல் துணியைக் கோத்து இழுப்பது. கயிறும் எண்ணெய்க் குப்பியும் துப்பாக்கிக் கட்டையின் அடியிலேயே ஒரு பொந்தில் இருக்கும். அமெரிக்கப் படையிலோ, சுட்ட பிறகு தொடர்ந்து மூன்று நாள் துடைக்க வேண்டும் என்பது அன்றைய விதி.

1950களுக்குப் பின் உப்பு விடாத பொட்டுகள் பரவின. காரணம் போய்விட்டது, சடங்கு மட்டும் நிலைத்தது. அதிகம் துடைப்பதும் கேடுதான்: கயிற்றைச் சாய்த்து இழுத்து இழுத்தே வாய்ப்பக்கம் தேய்ந்த லீ என்ஃபீல்டுகள் உண்டு. வாய் தேய்ந்தால் குறி போச்சு.

.22 போட்டிக்காரரின் நியாயம் இங்கிருந்து தொடங்குகிறது. ஐம்பது மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஈயக் குண்டின் மெழுகு குழலில் சீராகப் படியும்வரை, துடைத்தவுடன் சுடும் முதல் சில குண்டுகள் அலையும். எனவே அவர் துடைக்கத் தயங்குகிறார். காற்று ரைபிளில் வெடிமருந்தே இல்லை. ஃபெல்ட் துண்டு ஒன்றைச் செலுத்தினால் தீர்ந்தது.

என் கட்சி நடுவில். ஜொகூர்க் காற்றில் எந்தப் பொட்டானாலும் ரைபிளை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. அன்றே குழலின் பின்பக்கத்திலிருந்து ஒரு துணி, அப்புறம் மெல்லிய எண்ணெய். அடுத்தமுறை சுடுமுன் அந்த எண்ணெயை உலரத் துடைக்க மறக்கலாகாது. தோல் உறையில் போட்டு மூடிவைத்தால் மட்டும் இத்தனையும் வீண்; ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதே அந்த உறைதான்.