சத்தம் வரவு, உயிர் செலவு

70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலைச் செம்மேட்டில் டீ குடித்தபோது ஓர் இளைஞர் ஹெட்போனை நீட்டினார். வீட்டில் பதிவு செய்த பாட்டு. முதலில் அப்படியே, அப்புறம் மாஸ்டரிங் செய்தது. பின்னதில் சத்தம் தூக்கல், பறையின் அடி மழுங்கல்.

"எந்த சாஃப்ட்வேர் சார் சுலபம்?"

சுலபத்துக்குக் குறைவில்லை. 2014-ல் வந்த லேண்டரில் பாட்டை ஏற்றினால் சில நிமிஷத்தில் தானே மெருகேற்றித் தருகிறது. ஓஸோனிலும் அப்படியோர் உதவியாளர் உண்டு. ஆனால், சத்தம் கூடினாலே நன்றாயிருப்பதாக நம் காது ஏமாறும். ஸ்பாட்டிஃபையோ சத்தமான பாட்டை வழக்கமாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவுக்கு இறக்கிவிடுகிறது. கூட்டின சத்தம் போச்சு. மழுங்கின அடி மிச்சம். பி.காம். படித்தவன் சொல்கிறேன், நஷ்டக் கணக்கு!

இலவச ஆடாசிட்டியில் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். அப்போதும் மெருகேற்றியதே பிடித்தால் பர்ஸைத் திறங்கள்.

இந்த மலையை ஆண்ட ஓரி, பாணர்களுக்கு அள்ளிக் கொடுத்தது சத்தத்தைக் கேட்டா?