சிறு கருவியும் பெரு நகையும்

நகைப்பூட்டும் கலையை எளிய கலையென எண்ணும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அழவைப்பவனைக் கலைஞன் என்று போற்றுவோர், சிரிக்க வைப்பவனைக் கோமாளி என்று சொல்லி அமைந்துவிடுவர். ஆனால் தொல்காப்பியனார் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தபோது நகையையே முதற்கண் வைத்தார். பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் மறைந்த அரபுப் பேரறிஞர் அல் ஜாஹிழ், கருமிகளைப் பற்றித் தனி நூலே இயற்றினார். ஜித்து எனப்படும் மெய்யுரையோடு ஹஸ்ல் எனப்படும் விளையாட்டுரையைக் கலந்து எழுதுவதை அவர் தம் நடையாகவே கொண்டார். படிப்போர் சோர்வடையாதிருக்க வேண்டுமென்பது அவர் கருத்து. இவ்விருவரையும் மனத்திற்கொண்டே ஓர் ஆங்கில இசைக்குழுவைப் பற்றி ஈண்டு எழுதத் துணிகிறோம்.

‘கிரேட் பிரிட்டன் யுகுலேலே ஆர்க்கெஸ்ட்ரா’ என்பது அக்குழுவின் பெயர். 1985ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஹிஞ்ச்லிஃப், கிட்டி லக்ஸ் என்னும் இருவரால் தொடங்கப்பெற்றது. எம் இளைய மகள் ஒருநாள் மாலை, “வாப்பா, இதைக் கொஞ்சம் கேளுங்க” என்று அவர்களுடைய ஒளிப்பதிவொன்றைக் காட்டினாள். விளையாட்டுப் பொருள் போன்ற கருவிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, விருந்துக்கு வந்தவர்கள்போல் கறுப்பு உடை உடுத்து, வரிசையாக அமர்ந்திருந்த எண்மரைக் கண்டதும், ‘இதென்ன வேடிக்கை’ என்றே நாம் எண்ணினோம். அதன்பின் பல மாலைகள் அவ்வேடிக்கையிலேயே கழிந்தன என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முதலில் கருவியைப் பற்றி. 1879ஆம் ஆண்டு ‘ராவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல், போர்ச்சுகலுக்குரிய மதைரா தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு துறையை அடைந்தது. அதில் வந்த தச்சர் மூவர், தம் ஊரின் சிறு நரம்புக் கருவியை அங்குள்ள கோவா மரத்தில் செய்யத் தொடங்கினர். மன்னர் கலாக்கவா அதை ஆதரித்தார். ‘யுகுலேலே’ என்னும் சொல்லுக்குத் ‘துள்ளும் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள் கூறுவது பெருவழக்கு. நரம்புகளின்மீது விரல்கள் துள்ளும் விரைவால் வந்த பெயர் என்பர். அரசி லிலியுவொகலானியோ ‘இங்கு வந்து சேர்ந்த பரிசு’ என்று வேறு பொருள் கூறினார். அரபியில் ‘அல் ஊது’ எனப்படும் கருவியின் பெயரே ஐரோப்பாவில் ‘லூட்’ என்று திரிந்தது என்பதை நம் வாசகர்கள் அறிவர். யுகுலேலே அதன் நேர் மகவு அன்று. கித்தார்க் குடும்பத்தின் கடைக்குட்டி.

நான்கே நரம்புகள். நான்காம் நரம்பு மிகத் தாழ்ந்து ஒலிக்க வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. இதிலோ அது மூன்றாவதைவிட உயர்ந்து ஒலிக்கும்படி கூட்டப்படுகிறது. எனவே ஒலியெல்லை குறுகியது. மீட்டிய ஒலியும் நெடுநேரம் நில்லாது விரைவில் மடிகிறது. பிரிட்டனில் 1930களில் ஜார்ஜ் ஃபார்ம்பி என்னும் நகைச்சுவைப் பாடகர் இதன் இனத்துக் கருவியொன்றை வாசித்துப் பெரும்புகழ் எய்தினார். அதனால் இக்கருவியைக் கண்டாலே சிரிப்பது அந்நாட்டில் வழக்கமாயிற்று. இத்தகைய வறிய கருவியொன்றையே கொண்டு, மேல்நாட்டுச் செவ்விசை, ஜாஸ், நாட்டார் பாடல், ராக், திரைப்பட இசை அனைத்தையும் வாசிப்போம் என்று புறப்பட்டதே இக்குழுவின் துணிவு.

இதை எங்ஙனம் நிறைவேற்றுகின்றனர்? வேலையைப் பங்கிட்டுக்கொள்வதே வழி. ஒருவர் தாளக்கட்டை மீட்டுவார். ஒருவர் ஒற்றை நரம்பில் மெட்டைப் பிடிப்பார். ஒருவர் பருத்த உடலுடைய கருவியில் தாழ்ந்த சுரங்களைத் தருவார். எஞ்சியதைக் குரலும் சீழ்க்கையும் நிரப்பும். என்னியோ மோரிக்கோனே 1966ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றிற்கு அமைத்த ‘நல்லவன், கெட்டவன், அவலட்சணன்’ முகப்பிசையை இவர்கள் வாசிப்பதைக் கேட்டால், பாலைவனமும் குதிரைக் குளம்பும் இச்சிறு பெட்டிக்குள் எப்படி அடங்கின என்று வியப்போம்.

இனி நகையைப் பற்றி. எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கின்வழி நகை பிறக்கும் என்பது தொல்காப்பியர் துணிபு. எள்ளலை விளக்கும் பேராசிரியர், பிறரைத் தான் எள்ளி நகுதலோடு, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலையும் சேர்த்துக்கொள்கிறார். இக்குழுவின் உள்ளம் அவ்விரண்டாவதில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. உலகம் எள்ளிய கருவியைத் தாமே கையிலெடுத்து, அவ்வெள்ளலில் தாமும் கலந்துகொள்கின்றனர். பேரவையில் வாசிப்போரின் மிடுக்கையும் இறுகிய முகத்தையும் தாமே பூண்டு, அம்மிடுக்கைத் தம் கருவியாலேயே கலைக்கின்றனர். எவரையும் தாழ்த்தாத எள்ளல் இது. மடமையாவது கொண்டதை ஆராயாது பற்றி நிற்றல். இன்ன பாடலை இன்ன ஆரவாரத்தோடுதான் பாடவேண்டும் என்று நாம் பற்றி நிற்கிறோமே, அந்த மடமையை அவர்கள் நமக்கே காட்டுகின்றனர், நாமும் சிரிக்கிறோம்.

சான்று ஒன்று. ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்னும் குழு 1976இல் வெளியிட்ட ‘பிரிட்டனில் அராஜகம்’ என்னும் பாடல் காது கிழியும் கூச்சலாலேயே பெயர் பெற்றது. இவர்கள் அதை அடுப்படியில் அமர்ந்து பாடும் நாட்டுப்பாடல்போல் மென்மையாகப் பாடி, அவையோரையும் சேர்ந்து பாடச் செய்கின்றனர். முதலில் சிரிப்பு வருகிறது. பின்னர், கூச்சலில் புதையுண்டிருந்த சொற்கள் முதன்முறையாகத் தெளிவாகக் காதில் விழுகின்றன. நகை இங்கே பாடலுக்கு உரையாசிரியன் வேலையைச் செய்கிறது.

மற்றொன்று, ஹாண்டெலின் இசைக்கட்டு ஒன்றை அடித்தளமாக்கி, அதன்மீது ஒருவர்பின் ஒருவராக வெவ்வேறு காலத்துப் பாடல்களை ஒரே நேரத்தில் பாடும் உருப்படி. ஒவ்வொரு குரலும் தன் பாடலைத் தான் பாடுகிறது, ஒன்றோடொன்று மோதவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் செவ்விசையும் இருபதாம் நூற்றாண்டின் நடனப் பாடலும் ஒரே எலும்புக்கூட்டின்மேல் நிற்பவை என்பதை ஒரு நூல் எழுதி விளக்குவதைவிட இது நன்கு விளக்கிவிடுகிறது. மெய்ந்நகை அறிவுக்குப் பகையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

குறையும் சொல்ல வேண்டும். புகழுரை மட்டும் திறனாய்வாகாது. கேட் புஷ் 1978இல் பாடிய ‘வுதரிங் ஹைட்ஸ்’ பாடலில், இறந்துபோன பெண்ணொருத்தியின் ஆவி காதலனின் சன்னலில் நின்று உள்ளே விடும்படி இரங்கி அழைக்கிறது. இவர்கள் அதைத் துள்ளல் ஜாஸாக்கி, காதலன் பெயரைக் கூவிக் கூவி அவையைச் சிரிக்க வைக்கின்றனர். முன்சொன்ன பாடலில் நகை பொருளைத் திறந்தது. இதிலோ பொருளை மூடிவிட்டது. அழுகைக்குரிய இடத்தில் நகையை வைப்பதாயின், அதனால் அழுகைக்கு ஓர் ஆழம் கூடவேண்டும். இங்கே கூடவில்லை. மேலும், பல ஆண்டுப் பதிவுகளைத் தொடர்ந்து பார்ப்போர்க்குப் பாட்டிடையே சொல்லும் வேடிக்கைகள் சில பழகிப்போன பண்டமாகத் தோன்றும். நகையின் உயிர் எதிர்பாராமை. அது முறையாகிவிட்டால் மடிந்துவிடும்.

ஆயினும் இக்குழு அடைந்த பேறு சிறிதன்று. 2009இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த ‘ப்ராம்ஸ்’ இசைவிழாவில் இவர்கள் வாசித்தபோது, கேட்க வந்தோர் பலர் தத்தம் யுகுலேலேக்களுடன் வந்து, பீத்தோவனின் ‘இன்பப் பாட’லை உடன் வாசித்தனர். 2010இல் நியூயார்க் கார்னகி மண்டபம் இவர்களை வரவேற்றது. எல்லாரையும் போலச் செய்துகாட்டிய இவர்களைப் போலவே ஒத்த பெயருடன் வேறொரு குழு கிளம்ப, மக்கள் மயங்குவர் என்று 2015இல் இங்கிலாந்து நீதிமன்றம் இவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

2017இல் கிட்டி லக்ஸ் மறைந்தார். குழு நிற்கவில்லை, இன்றும் அதே வரிசையில் அமர்ந்து வாசித்து வருகிறது. அச்செய்தியை அறிந்தபின் பழைய பதிவொன்றை மீண்டும் பார்த்தோம். அவர் சற்றும் சிரியாத முகத்துடன் பாட, மண்டபம் சிரித்தது, நாமும் சிரித்தோம், சிரித்து முடித்தபோது கண் கசிந்திருந்தது. நகையும் அழுகையும் மெய்ப்பாட்டு வரிசையில் அடுத்தடுத்து நிற்பதன் காரணம் அன்றுதான் நமக்கு விளங்கிற்று. அரசி கூறிய பொருளே இக்கருவிக்குப் பொருந்தும் என இப்போது எண்ணுகிறோம்.